அதங்கானா வெள்ளம்

வடதுருவத்தை ஒட்டிய எங்கள் நூகாக் ஊரில் அறுபத்திரண்டு பேரும் இருநூறு நாய்களும் இருந்தோம். அந்த அறுபத்திரண்டு பேரில் ஒருவர்கூட அதங்கானாவின் வீட்டுக்குள் பூட்ஸோடு நுழைந்ததில்லை. தேவாலயத்தில் ஹார்மோனியம் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள். மருந்துப் பெட்டியின் சாவி அவள் கழுத்தில் தொங்கியது. ஊர் மன்றத்துக்கு மூன்று முறை தலைவியாக இருந்தவள். பல்வலி என்று போனாலும் சரி, பிள்ளைக்குப் பெயர் வைக்க வேண்டும் என்று போனாலும் சரி, முதலில் காலைத் தட்டி, பனியை உதறி, கையைக் காட்டிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். அறுபத்தொரு வயதிலும் முதுகு வளையாமல் நடப்பாள். வால்ரஸ் இறைச்சியைத் துண்டு போடும்போதுகூட ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி இருப்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு தலைவலி இருந்தது. வடக்கே பதினாறு நாள் பயணத்தில், கடலின் மேல், அவள் பெயரில் ஓர் இடம் இருந்தது.

எங்கள் ஊருக்கு வடக்கே கடல் ஒடுங்கிக்கொண்டே போகும். வலப்பக்கம் எங்கள் நிலம், இடப்பக்கம் எதிர்த் தீவு, நடுவில் வருஷத்தில் பத்து மாதம் உறைந்து கிடக்கும் நீர். அது கடல்பனி. வரும், போகும். அதற்கும் மேலே போனால் வேறு ஒன்று உண்டு. மலையிலிருந்து நகர்ந்து வந்த பழைய பனி, கரை முடிந்ததையே கவனிக்காமல் கடல்மேலும் நீண்டு, நிலத்தை ஒரு கையால் பிடித்தபடி மிதந்துகொண்டிருக்கும். அதுதான் பனித்தட்டு. எங்கள் தேவாலயத்தை அதற்குள் இறக்கினால் உச்சிச் சிலுவைகூட வெளியே தெரியாது, அவ்வளவு தடிமன். அலை உறைந்தது போல மேலெல்லாம் மேடும் பள்ளமுமாக நீளநீளமான வரிகள். கோடையில் அந்தப் பள்ளங்களில் உருகிய நீர் நிறைந்து, மைல் கணக்கில் நீல நாடாக்கள் போல ஓடும்.

எங்கள் வேட்டைக்காரர்களுக்குப் பெயர் வைப்பதில் கற்பனை கிடையாது. நடந்ததை வைப்பார்கள். ஒருவன் தடுக்கி விழுந்தால் அது அவன் விழுந்த பாறை. ஒருவன் மாமியாரோடு சண்டை போட்டுத் தனியாகக் கூடாரம் அடித்தால் அந்த முனை அவனுக்கும் மாமியாருக்கும் பொதுச் சொத்து.

அதங்கானாவுக்கு ஒன்பது வயதானபோது அவள் அப்பா மீத்தெக் குடும்பத்தோடு கரடி வேட்டைக்கு வடக்கே போனார். அவர் அண்ணன் குடும்பமும் கூட வந்தது. ஐந்து பனிச்சறுக்கு வண்டிகள், இழுக்க அறுபது நாய்கள். அண்ணன் மகன் கெதியோனுக்குப் பத்து வயது. ஜூன் தொடக்கத்தில், சூரியன் மறையாமல் தலையைச் சுற்றிக்கொண்டே இருக்கும் நாட்களில், பனித்தட்டின் ஒரு பள்ளத்தில் காற்றுக்கு மறைவாகக் கூடாரம் அடித்தார்கள். பிள்ளைகள் இருவரையும் உடுப்பைக் கழற்றி, வழக்கம்போல ஒரே மான்தோலுக்குள் சுருட்டிப் படுக்க வைத்தார்கள்.

எல்லாரும் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தபோது மீத்தெக் புரண்டு படுத்தார். அவர் கை மான்தோலின் ஓரத்தில் பட்டது. ஈரம்.

பனித்தட்டின் பள்ளத்தில் ஈரம் என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். மேலே எங்கோ தேங்கிய ஏரி உடைந்தால், பள்ளத்தில் இருப்பவனுக்குக் கால்சட்டை போடக்கூட நேரம் இருக்காது. "வெள்ளம்" என்று கத்திக்கொண்டு எழுந்தார். பிறகு நடந்ததை எங்கள் பக்கத்தில் நாற்பது விதமாகச் சொல்வார்கள், ஆனால் சில விஷயங்களில் எல்லாரும் ஒத்துப்போவார்கள். அரைமணி நேரத்தில் ஐந்து வண்டியும் கட்டப்பட்டன. பெரியப்பா ஒரு காலை மட்டும் கால்சட்டைக்குள் விட்டபடி முதல் மேட்டில் ஏறினார். பெரியம்மா குழந்தை என்று நினைத்து மாவு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நாய்கள் ஒன்றன் கயிற்றில் ஒன்று சிக்கி, ஒரே பந்தாக மேடேறின.

மேட்டின் உச்சியில் நின்று பள்ளத்தைப் பார்த்தார்கள். நீர் வரவில்லை. தேநீர் போட்டுக் குடித்தார்கள். அப்போதும் வரவில்லை. அப்புறம்தான் அதங்கானாவின் அம்மா வண்டியில் கிடந்த மான்தோலை விரித்துப் பார்த்தாள். ரொட்டித் தட்டு அகலத்துக்கு ஒரே ஒரு ஈரத் திட்டு. அந்த இடத்தில் படுத்திருந்தவள் அதங்கானா.

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் பத்து நாள் கழித்துத் திரும்பி வரும்போது, அந்தப் பள்ளத்தில் நிஜமாகவே இடுப்பளவு நீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் கூடாரம் அடித்த இடத்துக்கு மேலே பெரியம்மாவின் சமையல் பானை மிதந்து போனது. அன்று முதல் அந்த இடத்துக்கு "அதங்கானா வெள்ளம்" என்று பெயர். பாதி கேலி, பாதி எச்சரிக்கை. வடக்கே போகிற எவனும் அதற்குப் பிறகு பள்ளத்தில் கூடாரம் அடித்ததில்லை. "அதங்கானா வெள்ளம் தாண்டி ரெண்டு நாள்ல கரடி பாத்தோம்" என்று சொன்னால் எல்லாருக்கும் இடம் புரியும்.

அவளுக்கும் புரிந்தது. அதுதான் பிரச்சினை. தெற்கு ஊரிலிருந்து பெண் பார்க்க வந்த அங்குட்லுக் என்ற இளைஞன் அவளிடம் பேசிய முதல் வார்த்தையே, "வெள்ளம் வந்த அதங்கானா நீதானா?" என்பதுதான். அவள் கையில் இருந்த, சீல் என்ற கடல்நாயின் துடுப்புக் காலால் அவனைக் கன்னத்தில் ஒன்று போட்டாள். அந்த இலையுதிர் காலத்திலேயே கல்யாணம் நடந்தது. ஆனால் பெயரை அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. ஹார்மோனியம் கற்றாள், ஊசி போடக் கற்றாள், மன்றத் தலைவியானாள். முப்பது வருஷ உழைப்பில், அவள் காதுபட யாரும் அந்தப் பெயரைச் சொல்லாத நிலையைக் கொண்டுவந்தாள். வேட்டைக்காரர்கள் அவள் முன்னால் "அந்த இடம்" என்பார்கள். சொல்லிவிட்டுக் கூரையைப் பார்ப்பார்கள்.

1999 ஏப்ரலில் தலைநகரிலிருந்து ஹான்சீராக் என்ற அரசாங்க ஊழியன் வந்தான். முப்பத்திரண்டு வயது, மெல்லிய மூக்குக் கண்ணாடி, தோளில் வரைபடச் சுருள். வடக்குக் கடலின் வரைபடத்தில் முக்கால்வாசி வெளிநாட்டு ராஜாக்கள், ராணிகள், கப்பலுக்குப் பணம் கொடுத்தவர்கள் பெயர்தான் இருக்கிறது, நம் மக்கள் வைத்த பெயர்களைத் திரட்டிப் புதிதாக அச்சிடப்போகிறோம் என்றான். அவன் பேசிய தெற்குப் பேச்சில் பாதி எங்களுக்குச் சிரிப்பாக வந்தது. ஆனால் விஷயம் எல்லாருக்கும் பிடித்தது.

கெதியோன் கடை வைத்திருந்தான். கடைக்குப் பின்னால் இருந்த அவன் வீட்டில்தான் காபிக்கு ஊரே கூடியது. மன்றத் தலைவி என்ற முறையில் அதங்கானா எழுந்து ஐந்து நிமிஷம் பேசினாள். பெயர் என்பது ஒரு மக்களின் நினைவு என்றாள். ஒரு பாறை, ஒரு ஓடை, ஒரு பெயர்கூட விட்டுப்போகக் கூடாது என்றாள். கை தட்டினார்கள். அவள் உட்கார்ந்து கோப்பையை எடுத்தாள்.

கெதியோன் வரைபடத்தின் மேல் குனிந்து, வடக்கு மூலையில் வெள்ளையாக இருந்த இடத்தில் விரலை வைத்தான்.

"தங்கச்சி சொன்னது சரிதான். ஒண்ணுகூட விட்டுப்போகக் கூடாது. இங்கேருந்தே ஆரம்பிக்கலாம்."

ஹான்சீராக் பென்சிலைக் கூராக்கினான். "இதுக்கு என்ன பேருங்க?"

வீடு முழுக்கக் கூரையைப் பார்த்தது. அங்குட்லுக் தன் கோப்பைக்குள் எதையோ தேடினான்.

"அருள் முனைன்னு எழுதிக்குங்க தம்பி," என்றாள் அதங்கானா.

மூலையில் உட்கார்ந்திருந்த கிழ வேட்டைக்காரர் ஒருவருக்குக் காபி புரையேறியது. அவர் முதுகைத் தட்டப் போனவரும் சிரித்துவிட்டார். அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. ஹான்சீராக் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, கடைசியில் உண்மைப் பெயரைக் கெதியோனின் வாயிலிருந்து வாங்கி, எழுத்துக்கூட்டிக் கேட்டு, எழுதிக்கொண்டான். பெயருக்குக் காரணம் என்ன என்று கேட்டதுதான் அவன் செய்த பெரிய தப்பு. கெதியோன் தன் அப்பாவின் ஒற்றைக் கால்சட்டை முதல் மாவு மூட்டை வரை எழுந்து நின்று நடித்துக் காட்டினான்.

"அது பேரில்ல தம்பி," என்றாள் அதங்கானா, மற்றவர்கள் கண்ணைத் துடைத்து முடித்ததும். "வேட்டைக்காரங்க வாய்க்கொழுப்பு. அதப்போய் அரசாங்கம் அச்சடிக்குமா?"

ஹான்சீராக் மரியாதையாக விதியைச் சொன்னான். ஓர் இடத்துக்கு இரண்டு பெயர் சொல்லப்பட்டால், அந்த இடத்துக்கு ஏற்கெனவே போய் வந்த இருவர், அந்த இடத்திலேயே நின்று, ஒரே பெயரைச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். அவன் எப்படியும் வடக்கே போகிறான். கெதியோன்தான் வழிகாட்டியாக வருகிறான்.

"அப்ப நானும் வரேன்," என்றாள் அதங்கானா.

ஐம்பத்திரண்டு வருஷமாக அவள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அங்குட்லுக் கோப்பையிலிருந்து முகத்தை எடுத்தான். அவனுக்கு வேறு வழியில்லை, வண்டி ஓட்ட அவன்தான் வரவேண்டும். மறுநாள் அவள் மருந்துப் பெட்டிச் சாவியைப் பள்ளி ஆசிரியையிடம் கொடுத்தாள். ஹார்மோனியத்தைத் துணி போட்டு மூடினாள். பழைய கரடித்தோல் கால்சட்டையை அலமாரியின் அடியிலிருந்து எடுத்தாள். அது இன்னும் பொருந்தியது. அதைப் பற்றி இரண்டு நாள் பேசினாள்.

இரண்டு வண்டிகள். ஒன்றில் அங்குட்லுக்கும் அதங்கானாவும். இன்னொன்றில் கெதியோனும் ஹான்சீராக்கும். ஹான்சீராக்குக்கு வண்டியில் குமட்டல் வந்தது. கடலில் வராத குமட்டல் உறைந்த கடலில் வந்ததை அவன் வெட்கத்தோடு சொன்னான். நாய்கள் ஓடிக்கொண்டே கழிப்பதும் காற்று எதிரிலிருந்து வீசுவதும்தான் காரணம் என்று கெதியோன் விளக்கியபோது குமட்டல் அதிகமாயிற்று. நான்காம் நாள் சீல் தோலுக்குள் அடைத்துப் புளிக்க வைத்த சின்னப் பறவைகளை அவனுக்குக் கொடுத்தார்கள். இறகோடு கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் தொடங்குவது என்று கேட்டான். அதங்கானா வாங்கி, இறகைப் பிய்த்து, தோலை உரித்துக் கொடுத்தாள். அவன் சாப்பிட்டான். இன்னொன்று கேட்டான். அன்றிலிருந்து அவளுக்கு அவன் மேல் ஒரு பிரியம். அந்தப் பிரியத்தை வைத்து "அருள் முனை" பற்றி இரண்டு முறை பேச்செடுத்தாள். அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே விதி விதிதான் என்றான்.

வழி நெடுக அவன் எழுதிக்கொண்டே வந்தான். கெட்ட இறைச்சி விரிகுடா. மீத்தெக் முதுகு சொறிந்த பாறை. இரண்டு மாமியார் முனை. ஒவ்வொரு இடத்திலும் கெதியோனும் அதங்கானாவும் ஒரே குரலில் ஒரே பெயரைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். தன் அப்பா முதுகு சொறிந்ததை அரசாங்கம் அச்சடிப்பதில் அவளுக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

"அடுத்தவன் முதுகுன்னா பரவாயில்ல போல," என்றான் அங்குட்லுக்.

"நீங்க நாயப் பாத்து ஓட்டுங்க," என்றாள் அவள்.

பதினாறாம் நாள், சிவப்புப் பாறைச் சரிவில் இரண்டு கறுப்பு வரிகள் ஓடும் மலை தெரிந்தது. அதங்கானாவுக்கு அந்த வரிகள் நன்றாக நினைவிருந்தன. வண்டியிலிருந்து இறங்கி நடந்தாள். அவள் நினைவில் பனித்தட்டின் விளிம்பு மலையடியிலிருந்து தொடங்கி, ஒரு வெள்ளைச் சுவர் போல எழுந்து, கடலுக்குள் நீளும். அதில் ஏறுவதற்கு ஒரு சரிவைத் தேட வேண்டியிருக்கும். அப்பா அங்கே படி வெட்டியது அவளுக்கு ஞாபகம் வந்தது.

படி வெட்ட ஒன்றும் இல்லை. அவர்கள் நடந்துகொண்டே இருந்தார்கள், தரை தட்டையாகவே இருந்தது.

ஹான்சீராக் தன் கருவியைப் பார்த்தான், வரைபடத்தைப் பார்த்தான், மறுபடி கருவியைப் பார்த்தான். "வந்துட்டோம். சரியா இங்கதான். இப்ப நாம பனித்தட்டு மேல, கடல்லேருந்து நாப்பது அடி உசரத்துல நிக்கிறோம்."

அங்குட்லுக் இரும்புக் கம்பியை எடுத்துக் காலடியில் குத்தினான். எட்டாவது குத்தில் கம்பி உள்ளே போனது. உப்புத் தண்ணீர் பொங்கி வந்து ஹான்சீராக்கின் பூட்ஸை நனைத்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு சீல் தன் மூச்சுத் துளையிலிருந்து தலையை நீட்டி நால்வரையும் பார்த்தது. வரைபடத்தின்படி அந்த மிருகம் கெட்டிப் பனிக்குள் நீந்திக்கொண்டிருந்தது.

பனித்தட்டு போய்விட்டிருந்தது. எந்தக் கோடையில் உடைந்தது என்று தெரியாது. எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் வேட்டைக்குப் போய்ப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. மலையடியில், காய்ந்த ரொட்டியின் ஓரம் போல, ஒரு துண்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய மேடும் பள்ளமும், ஏழெட்டு வண்டி சேர்ந்து போனாலும் எறும்பு போலத் தெரியும் அந்தப் பரப்பு, துண்டு துண்டாகத் தெற்கே மிதந்து போய், எங்கள் ஊர் முன்னாலேயேகூடக் கடந்திருக்கலாம். யாரும் கவனிக்கவில்லை.

அங்குட்லுக் அடுப்பைப் பற்றவைத்தான். ஹான்சீராக் தொண்டையைச் செருமிக்கொண்டு விதியைச் சொன்னான். இல்லாத இடத்துக்குப் பெயர் பதிய முடியாது. பனித்தட்டு இல்லையென்றால் அதன் மேல் இருந்த பெயரும் இல்லை. அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டுக் குறிப்பேட்டை மூடினான். "உங்க பிரச்சினை தீர்ந்துதும்மா."

அதங்கானா வண்டியில் உட்கார்ந்தாள். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. ஐம்பத்திரண்டு வருஷமாக எதோடு மல்லுக்கட்டினாளோ அது எதிராளியாக நிற்காமல் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. அந்த மலையை இன்னொரு முறை பார்த்தாள். அதன் அடியில் நீல நாடா போல ஓடிய நீரும், அம்மா மான்தோலை விரித்துப் பிடித்தபடி நின்றதும் மட்டும் கண்ணுக்குள் வந்தன.

"அப்ப அது எங்கதான் நடந்துச்சுன்னு சொல்றது?" என்று கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை.

கெதியோன் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. கடையை அடைத்துவிட்டுப் படுக்கப் போகிறவனுக்கு வருகிற நிம்மதி.

"இனிமே சொல்லலாம் தங்கச்சி. எடமும் போச்சு, பேரும் போச்சு. அது நீ இல்ல."

"எது?"

"படுக்கை. நான்தான். அன்னிக்கு நாலு கோப்பை சீல் சூப்பு குடிச்சேன். முழிச்சுப் பாத்தா ஈரம். நீ செத்த மீனாட்டம் தூங்கிட்டிருந்த. உன்ன உருட்டி என் எடத்துல போட்டுட்டு, உன் எடத்துல நான் படுத்துக்கிட்டேன்."

அதங்கானா வாழ்நாள் முழுக்க அவனை அண்ணே என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். ஒரு வயது மூப்புக்கு உரிய மரியாதை. மெதுவாக எழுந்து நின்றாள்.

"டேய் கெதியோன்," என்றாள்.

பிறகு ஹான்சீராக்கின் பக்கம் திரும்பினாள். "நோட்டைத் தொறங்க தம்பி."

கெதியோன் சட்டென்று விதியின் பக்கம் சேர்ந்துகொண்டான். இடம் இல்லையே, இல்லாத இடத்துக்குப் பெயர் எப்படி, அரசாங்கம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அடுக்கினான். அதங்கானா அவனைக் கவனிக்கவே இல்லை. பனித்தட்டு போனால் என்ன, அதன் கீழே இருந்த கடல் இங்கேதானே இருக்கிறது என்று ஹான்சீராக்கிடம் கேட்டாள். மலை இருக்கிறது. விரிகுடா இருக்கிறது. வருகிறவன் போகிறவனுக்கு இங்கே என்ன நடந்தது என்று தெரிய வேண்டாமா? மன்றக் கூட்டங்களில் கேட்கும் குரலில்தான் கேட்டாள். ஹான்சீராக் விதிப் புத்தகத்தைப் புரட்டினான். போய்விட்ட ஓர் இடத்தின் பெயரை, அதைப் பயன்படுத்தும் மக்கள் விரும்பினால், மிச்சமிருக்கும் இடத்துக்கு மாற்றலாம் என்று நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது. அவனுக்கே அது தெரியாது.

"நல்லது. எழுதுங்க. கெதியோன் வெள்ளம்."

கெதியோன் அதில் கையெழுத்துப் போட மறுத்தான். அவன் ஒப்புக்கொண்ட "அதங்கானா வெள்ளம்" என்பதில் அவள் கையெழுத்துப் போட மறுத்தாள். இருவருக்கும் நடுவில் குறிப்பேடு திறந்தபடி கிடந்தது. அப்போதுதான் ஹான்சீராக்குக்கு நினைவு வந்தது. அங்குட்லுக்கும் இளவயதில் இரண்டு முறை இங்கே வேட்டைக்கு வந்தவன். அவனும் ஒரு சாட்சி.

அங்குட்லுக் அவசரப்படவில்லை. இரண்டாவது கோப்பை தேநீர் ஊற்றிக்கொண்டான். பிஸ்கட்டை நனைத்துத் தின்றான். நாய்களை எண்ணினான். அதங்கானா அவனை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள், தீர்ப்பு தன் பக்கம்தான் என்ற நம்பிக்கையோடு. கடைசியில் பென்சிலை வாங்கி, "அதங்கானா வெள்ளம்" என்பதன் கீழே கையெழுத்துப் போட்டான்.

"ஊர்ல எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்," என்றான். "மாத்தினா போறவன் வழி தப்பிப் போவான். அப்புறம், நான் ஒரு எடத்தைக் கட்டிக்கிட்டவன்னு முப்பத்தெட்டு வருஷமா பெருமை அடிச்சிட்டிருக்கேன். அத இவன் பேருக்கு மாத்தினா நான் யாரக் கட்டிக்கிட்டதா ஆகும்?"

அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பது அவளுக்கு வழக்கமில்லாததால் நாய்களே காதைத் தூக்கிப் பார்த்தன. பிறகு ஹான்சீராக்கின் தோள்வழியாகக் குறிப்பேட்டை எட்டிப் பார்த்தாள். பெயருக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. பெயரின் காரணம் என்று அதன் மேல் எழுதியிருந்தது. நான்கு வரி.

அவள் சொல்லச் சொல்ல ஹான்சீராக் எழுதினான். "இந்த இடத்தில் தூங்கியவர்களில், மீத்தெக்கின் மகள் அதங்கானா நனையாமல் தூங்கினாள். படுக்கையை நனைத்தவன் அவள் பெரியப்பா மகன் கெதியோன். அவனே சொன்னது." அதன் கீழே கெதியோன் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். கெதியோன் சிரித்து, முடியாது என்றான்.

"ஜூலைல உன் பேத்திக்குக் கோயில்ல உறுதிபூசுதல் பூசை," என்றாள் அவள். "ஹார்மோனியத்தை யாரு வாசிக்கப் போறா, நீயா?"

கெதியோன் கையெழுத்துப் போட்டான். எழுத்து கோணலாக விழுந்ததை, குளிர் என்று ஹான்சீராக் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டான்.

திரும்பி வரும் வழியில் அவள் கெதியோன் வண்டியில் ஏறமாட்டேன் என்றாள். புருஷனோடும் பேசமாட்டேன் என்றாள். ஆகவே அங்குட்லுக்கின் வண்டியிலேயே, அவன் முதுகோடு முதுகு ஒட்டி, பின்பக்கம் பார்த்தபடி மூன்று நாள் உட்கார்ந்து வந்தாள். மூன்றாம் நாள் பின்பக்கத்திலிருந்து ஒரு கரடி வருவதை முதலில் பார்த்தவள் அவள்தான். சொன்னால் பேசியதாகிவிடும். முழங்கையால் அவன் விலாவில் குத்தினாள். கரடியை அடித்தார்கள். தோலைப் பங்கு போடும்போது பேச வேண்டிவந்தது. முதலில் பார்த்தவளுக்குத்தான் தோல் என்பது எங்கள் வழக்கம், அதைக் கணவனிடம் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

ஊருக்குள் கெதியோனின் வாக்குமூலம் அவர்களுக்கு முன்பே வந்துவிட்டது. ஹான்சீராக் வழியில் ஒரு குடிசையிலிருந்து ரேடியோவில் தன் அலுவலகத்துக்கு அறிக்கை படித்தான். ஊரில் எல்லார் வீட்டிலும் அதே அலைவரிசைதான். காரணக் கட்டத்தை அவன் இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது, எதிர்முனையில் இருந்தவருக்கு முதல் தடவை நம்பிக்கை வரவில்லை. கெதியோன் வண்டியை விட்டு இறங்கியபோது கடைவாசலில் யாரோ குழந்தைகளின் படுக்கையில் போடும் ரப்பர் விரிப்பு ஒன்றைக் காயப்போட்டிருந்தார்கள்.

ஜூலையில் பேத்தியின் பூசைக்கு அதங்கானா வாசித்தாள். எல்லாப் பாட்டையும் வழக்கத்தைவிட வேகமாக வாசித்தாள் என்று சிலர் சொன்னார்கள். பூசை முடிந்து காபி குடிக்கும்போது கெதியோன் ஒரு தட்டு நிறையத் திமிங்கிலத் தோல் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். நல்ல துண்டுகளாகப் பொறுக்கி வைத்திருந்தான். "தங்கச்சி" என்று ஆரம்பித்தான். அவள் தட்டை வாங்கிக்கொண்டாள். "கெதியோன் அண்ணே, பால் கொஞ்சம் தள்ளி வைங்க," என்றாள். அதுதான் சமாதானம். அவன் மேசையைவிட்டு எழுந்துபோய் வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான்.

வரைபடம் அடுத்த வருஷம் அச்சாகி வந்தது. விரிகுடாவின் வாயில், நீல எழுத்தில், மலையடியிலிருந்து கடல்வரை வளைந்து போயிருந்தது அந்தப் பெயர். காரணக் கட்டம் வரைபடத்தில் அச்சாவதில்லை, அது தலைநகரில் ஏதோ பெட்டிக்குள் இருக்கும் என்று அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. ஹான்சீராக்குக்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுதினாள். அவன் பதிலோடு பிஸ்கட் டப்பா ஒன்று அனுப்பினான். வரைபடத்தைப் பள்ளிக்கூடச் சுவரில் தானே ஆணி அடித்து மாட்டினாள், பெயர் பிள்ளைகளின் கண்மட்டத்துக்கு வரும்படி.

இப்போதெல்லாம் கோடையில் கப்பல்கள் வருகின்றன. அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு இறங்குகிறவர்கள், அதங்கானா யார், என்ன வெள்ளம், எத்தனை பேர் தப்பினார்கள் என்று கேட்பார்கள். அவள் ஒன்றும் சொல்வதில்லை. கடையைக் கைகாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். கெதியோன்தான் சொல்ல வேண்டும், அதுதான் அவளுடைய தீர்ப்பு. முதல் கோடையில் அவன் முணுமுணுத்துச் சுருக்கமாகச் சொன்னான். மூன்றாவது கோடைக்குள் ருசி கண்டுவிட்டான். சூப்பு நாலு கோப்பை ஆறாகி, ஆறு எட்டாகியது. போன ஆகஸ்டில் ஒரு வெள்ளைக்காரக் கூட்டம் கடைக்குள் நெரித்துக்கொண்டு நிற்க, அவன் கல்லாவின் மேலேறி நின்று ஒற்றைக் கால்சட்டையோடு மேடேறிக்கொண்டிருந்தான். மருந்து டப்பா வாங்க வந்த அதங்கானா கதவோரம் நின்று கேட்டாள். ஐந்து வண்டி அப்போது ஒன்பது வண்டியாகியிருந்தது.

"அண்ணே," என்றாள் அவள், டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு. "ஒம்பதுக்கு அறுபது நாய் போதாது. ஏழுன்னு சொல்லுங்க."